ஒரே திரை, ஒரே படம்: பழைய தியேட்டர் எங்கே தோற்கிறது?

ஒரு பழைய தியேட்டர் மூடப்படுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் அதற்கான காரணங்களும் கூடவே வந்துவிடுகின்றன. நாற்காலிகள் கிழிந்துவிட்டன, ஒலி தெளிவாக இல்லை, கழிவறைக்குள் கால் வைக்க முடியவில்லை, வீட்டிலேயே படம் பார்க்க ஜனங்கள் பழகிவிட்டார்கள், பக்கத்திலேயே பளபளப்பான மல்டிபிளெக்ஸ் வந்துவிட்டது. எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் நோயின் அறிகுறிகள். வருமானம் சரிந்த பிறகுதான் கிழிந்த நாற்காலி கிழிந்தபடியே கிடக்கிறது. வருமானம் முதலில் ஏன் சரிந்தது என்று யாராவது கேட்டால், ‘ரசனை மாறிவிட்டது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் திரை அரங்குகளை வசதிக்குறைவு வீழ்த்தியதைவிட, படங்களின் காலக்கணக்கு மாறியது வீழ்த்தியதுதான் அதிகம். ஒரு படம் எப்போது வரும், எத்தனை வாரம் ஓட வேண்டும், எந்த வாரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விதிகள் ஒரு காலத்தில் ஒரு திரை மட்டுமே கொண்ட கொட்டகைக்கும் பிழைக்க இடம் கொடுத்தன. இன்று அதே விதிகள் பத்துத் திரை வைத்திருப்பவருக்கென்றே எழுதப்பட்டவைபோல் ஆகிவிட்டன. இதைப் புரிந்துகொள்ளாமல் கடன் வாங்கிச் சாய்வு நாற்காலி போட்ட உரிமையாளர்கள் பலர் நாற்காலியோடு சேர்த்துக் கட்டடத்தையும் இழந்திருக்கிறார்கள்.

பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்கு அமெரிக்காவே நல்ல எடுத்துக்காட்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஒரு படம் எல்லா அரங்குகளிலும் ஒரே நாளில் வெளியாகாது. முதலில் நகர மையத்தில் உள்ள பெரிய அரங்கில் மட்டும் ஓடும். அங்கே கூட்டம் வடிந்ததும் சில வாரம் இடைவெளி விடுவார்கள். பிறகு படப்பெட்டி குடியிருப்புப் பகுதித் தியேட்டருக்கு வரும், அதற்குப் பிறகு சிற்றூர்களுக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் டிக்கெட் விலை குறையும். காத்திருக்க மனமில்லாதவர்கள் அதிகம் கொடுத்து முதல் சுற்றில் பார்த்தார்கள், மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு அருகில் வரும்வரை பொறுத்திருந்தார்கள். விளம்பரச் செலவை முதல் சுற்றே தாங்கிவிடும். ‘படம் நன்றாக இருக்கிறதாம்’ என்ற பேச்சு படத்துக்கு முன்பே அடுத்த பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கும். சின்ன தியேட்டருக்கு வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனால் அது உறுதியான இடம்.

இந்த ஏற்பாடு நியாயமானது என்று நான் சொல்லவரவில்லை. முதல் சுற்று அரங்குகளில் முக்கியமானவை பெரும் ஸ்டுடியோக்களின் கையிலேயே இருந்தன. நல்ல படம் ஒன்று வேண்டுமானால் சுமாரான படங்கள் பலவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் சிறு உரிமையாளர்களின் கழுத்தை நெரித்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் முதலான ஸ்டுடியோக்கள் மீதான வழக்கில் இந்தப் பிடியை உடைத்தது. ஸ்டுடியோக்கள் தங்கள் அரங்குகளைக் கைவிட நேர்ந்தது. சிறு உரிமையாளர்கள் வெகுகாலமாக எதிர்பார்த்த தீர்ப்பு அது. ஆனால் அதன் மறுபக்கம் மெதுவாகத்தான் தெரிந்தது. சொந்த அரங்குகளை வாரந்தோறும் நிரப்ப வேண்டிய தேவை போனதும் ஸ்டுடியோக்கள் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டன. அதே ஆண்டுகளில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் திரையரங்குக்குப் போவோர் எண்ணிக்கை 1946இல் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. வாரம் இரண்டு முறை படம் மாற்றிப் பிழைத்த சின்ன தியேட்டருக்கு மாற்றுவதற்குப் படமும் குறைந்தது, பார்க்க வரும் ஆளும் குறைந்தார்.

வரிசை முறையே உடைந்தது பிறகுதான். 1975 ஜூனில் ‘ஜாஸ்’ என்ற சுறாப் படம் அமெரிக்காவில் 409 அரங்குகளில் ஒரே நாளில் வெளியானது. அதற்கு முன்பே சில நாட்களாகத் தொலைக்காட்சி முழுவதும் அதன் விளம்பரம். ஒரே நேரத்தில் பல இடங்களில் வெளியிடுவது அதற்கு முன்பும் உண்டு. பெரும்பாலும் தேறாத படங்களுக்குத்தான் அந்த வழி: கெட்ட பெயர் பரவுவதற்குள் வசூலை எடுத்துவிடலாம் என்ற கணக்கு. பெரிய படத்துக்கும் அதுவே சிறந்த வழி என்று ‘ஜாஸ்’ காட்டியது. நாடு முழுவதும் விளம்பரம் செய்தால் நாடு முழுவதும் படம் கிடைக்க வேண்டும். ஆகவே பிரிண்டுகள் பெருகின, 409 என்பது பின்னாளில் ஆயிரக்கணக்கில் ஆனது. படங்களின் வசூல் முதல் வாரக் கடைசியிலேயே குவியத் தொடங்கியது. இரண்டாவது மாதத்தில் அதே படம் ஆறின கஞ்சி.

வரிசையின் கடைசியில் நின்ற தியேட்டருக்கு இதனால் என்ன ஆனது? கையில் இருந்த ஒரே இடம் பறிபோனது. இனி அதுவும் முதல் நாளே படம் போட்டாக வேண்டும், அதே நாளில் அதே படத்தைப் போடும் புதிய அரங்கோடு நேருக்கு நேர் மோத வேண்டும். வீட்டுக்கு அருகில், குறைந்த விலையில், சற்றுத் தாமதமாக என்பதுதான் அதன் வியாபாரம். தாமதத்துக்கு மதிப்பே இல்லாமல் போனபோது அந்த வியாபாரத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது.

இப்போது வாரக் கணக்குக்கு வருவோம். விநியோகஸ்தரும் அரங்க உரிமையாளரும் டிக்கெட் வருமானத்தைப் பிரித்துக்கொள்வதற்குப் பல நாடுகளில் இருக்கும் வழக்கம் சறுக்கு முறை. முதல் வாரம் விநியோகஸ்தரின் பங்கு அதிகம், வாரம் போகப்போக அது குறைந்து அரங்கின் பங்கு ஏறும். கூடவே ஒரு நிபந்தனை வரும்: படத்தை இத்தனை வாரம் எடுக்கவே கூடாது, எல்லாக் காட்சியும் இதே படம்தான் ஓட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, முறை உண்மை. 600 இருக்கை, ஒரு திரை, நாளுக்கு 3 காட்சி. வாரத்துக்கு 21 காட்சி, 12,600 இருக்கை. ஒரு படம் முதல் வாரம் 60 சதவீதம் நிரம்புகிறது, இரண்டாம் வாரம் 25, மூன்றாம் வாரம் 8 என்று வைத்துக்கொள்வோம். விற்ற டிக்கெட் முறையே 7,560, 3,150, 1,008. அரங்கின் பங்கு முதல் வாரம் 40 சதவீதம், அடுத்தது 50, அதற்கடுத்தது 60 என்றால், உரிமையாளர் கையில் நிற்பது 3,024, 1,575, 605 டிக்கெட்டுகளின் பணம். மூன்றாவது வாரத்தைப் பாருங்கள். பங்கு ஏறியிருக்கிறது, ஆனால் பங்கு போட ஒன்றுமில்லை. ஒரு காட்சிக்கு 48 பேர். அதில் உரிமையாளருக்குச் சேர்வது 29 டிக்கெட்டின் பணம். 600 பேருக்கான மண்டபத்தைக் குளிரூட்டவும், விளக்கெரிக்கவும், டிக்கெட் கிழிப்பவர், கூட்டுபவர், ஆபரேட்டர் என எல்லோருக்கும் சம்பளம் தரவும் அந்த 29தான் இருக்கிறது.

இதே படத்தை மல்டிபிளெக்ஸ் எப்படிக் கையாளுகிறது? முதல் வாரம் 400 இருக்கை அரங்கில், தேவைப்பட்டால் இரண்டு அரங்குகளில். இரண்டாம் வாரம் 200 இருக்கை. மூன்றாம் வாரம் 100 இருக்கை. அதே 48 பேர் வந்தால் அந்தச் சின்ன அரங்கு பாதி நிறைந்திருக்கும். பெரிய அரங்கிலோ அந்த வெள்ளிக்கிழமை வந்த புதுப்படம் முதல் வாரக் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் மீறப்படவில்லை. ஒற்றைத் திரைக்காரருக்கு அந்தப் புதுப்படம் கிடைக்காது. அது வரும் நாளில் அவர் காற்று வாங்கும் மண்டபத்தைக் காவல் காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒழிவு கிடைக்கும்போது புதுப்படமும் பழையதாகியிருக்கும்.

இதன் எதிர்நிலையும் உண்டு, அது இன்னும் வேதனையானது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படத்தை, அடுத்த படத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்ட காரணத்தால் தூக்க வேண்டி வரும். மல்டிபிளெக்ஸ் என்ற யோசனை பிறந்ததே இந்த வலியிலிருந்துதான். கனடாவின் ஒட்டாவா நகரில் எல்ஜின் தியேட்டரை நடத்திய நாட் டெய்லர், பக்கத்திலேயே இரண்டாவது அரங்கு ஒன்றையும் வைத்திருந்தார். தொடக்கத்தில் இரண்டிலும் ஒரே படம்தான். இன்னும் பணம் தந்துகொண்டிருக்கும் படத்தைப் புதுப்படத்துக்காக எடுக்க வேண்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1957இல் இரண்டு திரையில் இரண்டு வெவ்வேறு படங்களைப் போட ஆரம்பித்தார். பிற்பாடு 1979இல் டொரோண்டோவின் ஈட்டன் சென்டரில் 18 திரைகளோடு சினிபிளெக்ஸ் என்ற அரங்கைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் ஸ்டான்லி டர்வுட் 1963இல் கான்சாஸ் சிட்டியின் வணிக வளாகம் ஒன்றில் இரட்டைத் திரை அரங்கைத் திறந்தார். இரண்டு அரங்குக்கும் ஒரே டிக்கெட் கவுன்ட்டர், ஒரே கேண்டீன், ஒரே ஊழியர் கூட்டம். இருவருமே தனித்திரை உரிமையாளரின் தலைவலியை நன்றாக அறிந்தவர்கள். பழைய தியேட்டரின் எதிரி வெளியிலிருந்து வரவில்லை, அதன் உள்ளிருந்தே புறப்பட்டது.

கேண்டீனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு, தின்பண்டத்தில் கிடையாது. முதல் வாரத்தில் டிக்கெட்டின் பெரும்பங்கு கைநழுவிப் போகும்போது அரங்கைத் தாங்கிப்பிடிப்பது கேண்டீன் கல்லாதான். பத்துத் திரை உள்ள இடத்தில் காட்சி நேரங்களை 15 நிமிடம் முன்பின்னாகப் பிரித்துவைப்பார்கள். நாள் முழுவதும் ஒரே சீராக ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், நான்கைந்து பணியாளர்களால் சமாளித்துவிடலாம். ஒற்றைத் திரையில் ஹவுஸ்ஃபுல் ஆனால் 600 பேரும் ஒரே நேரத்தில் முட்டி மோதுவார்கள். பாதிப்பேர் வரிசையைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமலே உள்ளே போய்விடுவார்கள். அடுத்த இரண்டரை மணி நேரம் கவுன்ட்டரில் ஈ ஓட்ட வேண்டும். அதிகம் விற்கக்கூடிய நாளிலும் விற்க முடியாத அமைப்பு அது.

தொழில்நுட்பத்தின் கதையும் இதே திசையில்தான் போகிறது. கார்பன் குச்சிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து ஒளி தரும் மின்வில் விளக்கின் காலத்து ஆபரேட்டர் அறையைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில். கார்பன் குச்சிகள் எரிந்து தேயத்தேய, இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடுகிறது. 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறு ரீல், ஐந்து முறை இயந்திரம் மாற வேண்டும். ரீல் முடிய 8 விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் தெரியும். நான்கே சட்டங்கள், அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அதைப் பார்த்ததும் அடுத்த இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும். முடிய ஒரு விநாடி இருக்கும்போது இரண்டாவது வட்டம். அந்தக் கணத்தில் ஒரு ஒளியை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் மாறியது தெரியக் கூடாது. தெரியவில்லை என்றால் அவர் நல்ல ஆபரேட்டர். வாழ்நாள் முழுவதும் இந்தக் கலையில் தேர்ந்த மனிதர்களுக்கு அவர்களுடைய வேலை கண்ணுக்குப் படாததுதான் பெருமை.

1950களிலிருந்து செனான் விளக்கு வந்தது. குச்சியைச் சரிசெய்யும் வேலை போயிற்று. பிறகு எல்லா ரீலையும் ஒன்றாக ஒட்டிக் கிடைமட்டத் தட்டுகளில் சுற்றிவைத்து, இடையில் மாற்றாமலே முழுப்படத்தையும் ஓட்டும் முறை பரவியது. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு ஆபரேட்டர் அடுத்த அறைக்குப் போகலாம். பத்துத் திரைக்கு ஓரிருவர் போதும் என்ற நிலை அப்போது வந்ததுதான். ஒற்றைத் திரை தியேட்டரும் அதே கருவிகளை வாங்கியது. ஆனால் அதற்கு ஒரு திரைக்கு ஓர் ஆபரேட்டர் எப்படியும் வேண்டும். கருவி செலவை வைத்தது, சம்பளத்தை மிச்சப்படுத்தவில்லை. ஒரே கண்டுபிடிப்பு ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் ஆன இந்தக் கதை டிஜிட்டல் காலத்தில் பெரிய அளவில் திரும்பவும் நடந்தது.

ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002இல் கூட்டாக ஓர் அமைப்பை ஏற்படுத்தி, 2005இல் டிஜிட்டல் திரையிடலுக்கான பொதுத் தரத்தை வெளியிட்டன. ஃபிலிமுக்குப் பதில் மறையாக்கம் செய்த கோப்பு வரும். அதைத் திறக்கும் மின்சாவி குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட தேதிகளுக்குள் மட்டும் வேலை செய்யும். தரம் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆயிரமாவது காட்சியிலும் கீறல் இல்லை, சிற்றூருக்கு வந்து சேர்வதும் தலைநகரில் ஓடும் அதே தெளிவான படம்தான். ஆனால் பணத்தை யார் போடுவது? பிரிண்ட் அடிக்கும் செலவு மிச்சமானது விநியோகஸ்தருக்கு. புது புரொஜெக்டர் வாங்கும் செலவு விழுந்தது தியேட்டர்காரர் தலையில்.

இந்த முரணைத் தீர்க்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு புதுப்படம் திரையிடப்படும்போதும் விநியோகஸ்தர் தனக்கு மிச்சமானதில் ஒரு பகுதியைக் கருவிக் கடனை அடைப்பதற்காகக் கொடுப்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகை எதைப் பொறுத்தது? எத்தனை புதுப்படங்களை, வெளியான எத்தனையாவது வாரத்தில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரம் நான்கு புதுப்படம் போடும் மல்டிபிளெக்ஸின் கடன் மளமளவென்று குறைந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு படம் மாற்றுபவருக்கும், பிந்திய வாரங்களில் எடுப்பவருக்கும் கிடைத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2014 தொடக்கத்தில் பாரமவுண்ட் நிறுவனம் அமெரிக்காவில் 35 மி.மீ. பிரிண்டுகள் அனுப்புவதை நிறுத்தியபோது, மாற முடியாதவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்பது உறுதியானது. பல ஊர்களில் ஜனங்கள் கைப்பணம் போட்டு நன்கொடை திரட்டித் தங்கள் தியேட்டருக்கு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படி வாங்கிக் கொடுக்க ஆளில்லாத இடங்களில் திரை இருண்டது.

இது தவிர்க்க முடியாத விதி என்று யாராவது சொன்னால் பிரான்ஸைக் காட்டலாம். அங்கே ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாக எடுக்கப்பட்டுத் தேசியத் திரைப்பட மையத்தின் நிதிக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி அரங்குகளின் புனரமைப்புக்கே திரும்பி வருகிறது. எந்த நாட்டுப் படம் ஓடினாலும் இந்த வரி உண்டு. ஆகவே வெளிநாட்டுப் பெரும்படம் நிரப்பும் மல்டிபிளெக்ஸும் சிற்றூர் அரங்கின் கூரைக்குப் பணம் கட்டுகிறது. 2010 செப்டம்பரில் கொண்டுவந்த சட்டம், அரங்குகள் டிஜிட்டலுக்கு மாறும் செலவில் விநியோகஸ்தர்கள் பங்களிப்பதைக் கட்டாயமாக்கியது. சந்தைப்பேரத்தில் கடைசியில் நின்றிருக்க வேண்டியவர்களுக்கும் பங்கு கிடைத்தது. திரைகள் பெருகிய அதே காலத்தில் சிறிய அரங்குகளும் அங்கே நிலைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட விதிகள் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ரசனை மட்டும் அரங்கைக் காப்பாற்றுவதில்லை. அந்த ரசனைக்கு நிதியைத் திருப்பிவிடும் ஏற்பாடும் வேண்டும்.

சரி, திரை ஒன்றுதான் சிக்கல் என்றால் பெரிய மண்டபத்தை இரண்டாக்கிவிடலாமே? செய்தார்கள். 1970களில் பல பெரிய அரங்குகளின் நடுவே சுவர் எழுப்பப்பட்டது, பால்கனி தனி அரங்கானது. பெரும்பாலும் விளைவு பரிதாபம். அந்தக் கட்டடங்கள் இசைக்குழுவும் ஆர்கனும் முழங்குவதற்காக எழுப்பப்பட்டவை. மெல்லிய சுவருக்கு அப்பால் ஒரு படத்தின் வெடிச்சத்தம் இன்னொரு படத்தின் தாலாட்டுக்குள் நுழைந்தது. பழைய ஆபரேட்டர் அறையிலிருந்து கோணலாக விழுந்த ஒளி படத்தைச் சரிவகமாக்கியது. நாற்காலிகளோ இல்லாத பழைய திரையின் மையத்தைப் பார்த்தபடியே நின்றன. பாரிஸின் கிராண்ட் ரெக்ஸ் வேறு வழியில் போனது. 1932இல் திறந்த அதன் பிரம்மாண்டமான பிரதான அரங்கை முழுதாக வைத்துக்கொண்டு, அடித்தளத்தில் சிறு அரங்குகளைச் சேர்த்தார்கள். மண்டபத்தை வெட்டாமல், கட்டடத்தில் சும்மா கிடக்கும் இடத்தில் 60, 80 இருக்கை கொண்ட இன்னொரு அறையைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது நாற்காலி மாற்றுவதைவிட நூறு மடங்கு பயன் தரும். மூன்றாவது வாரப் படம் அங்கே போய்விடும், பெரிய திரைக்குப் புதுமூச்சு கிடைக்கும்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1995இல் அமெரிக்காவின் டல்லஸில் திறந்த 24 திரை அரங்கு படிக்கட்டு வரிசை இருக்கைகளைப் பரப்பியது. முன்வரிசைத் தலை மறைக்காத அந்த அமைப்போடு பழைய சரிவுத் தளம் போட்டிபோட முடியாது. ஆனால் அதிகச் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய தவறுகளையும் பழைய அரங்குகள் நிறையச் செய்கின்றன. திரையின் ஒளிர்வு டிஜிட்டல் தரப்படி சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். காலாவதியான விளக்கை இழுத்துப்பிடித்து ஓட்டுவதாலும், ஆபரேட்டர் அறையின் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்காமல் விடுவதாலும் பாதி வெளிச்சம் வழியிலேயே தொலைந்துபோகிறது. பார்வையாளருக்கு ‘இங்கே படம் மங்கல்’ என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. அடுத்த முறை வர மாட்டார்.

புதியவர்கள் வெல்லவே முடியாதவர்கள் என்று எண்ணுவதும் தவறு. 1988இல் பிரஸ்ஸல்ஸில் 25 திரைகளோடு கினேபோலிஸ் என்ற மல்டிபிளெக்ஸ் திறந்தது, பிறகு டல்லஸ், பிறகு உலகெங்கும் திரைகளைக் கூட்டும் போட்டி. அதன் முடிவில், 2000, 2001 ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரும் அரங்க நிறுவனங்கள் பல வரிசையாகத் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. புதிய மல்டிபிளெக்ஸ் முதலில் விழுங்கியது தனித்திரையை மட்டுமல்ல, பத்துப் பதினைந்து வருடம் முன்பு கட்டிய மல்டிபிளெக்ஸையும்தான். தொற்றுக்காலத்துக்குப் பிறகு 2022இல் உலகின் மிகப்பெரிய அரங்க நிறுவனங்களில் ஒன்றான சினிவேர்ல்ட் அதே வழியில் போயிற்று. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனம் திவாலானால் நட்டத்தில் ஓடும் கிளைகளை உதறிவிட்டு, வாடகையைக் குறைத்துக்கொண்டு, மீதியை வைத்துத் தொடர்கிறது. ஒற்றைத் தியேட்டருக்கு உதறிவிடக் கிளை எது? அது மூடுவது ஒரே ஒரு முறைதான்.

மூடியபின் திரும்ப வராமல் போவதற்குக் காரணம் நிலம். பழைய தியேட்டர்கள் பெரும்பாலும் ஊரின் நடுவில், சொந்த நிலத்தில் நிற்கின்றன. வாடகை இல்லை என்பது அவற்றின் பெரிய பலம், அதனால்தான் இத்தனை காலம் தாங்கின. ஆனால் சுற்றிலும் நிலவிலை ஏறிய பிறகு, ஆண்டு முழுவதும் படம் ஓட்டிக் கிடைக்கும் லாபம் அந்த இடத்தை விற்றால் வரும் பணத்துக்கு வட்டியாகக்கூட ஆகாது. நிறுவியவர் இருக்கும்வரை பிடிவாதம் காப்பாற்றும். வாரிசுகள் நான்கைந்து பேராகும்போது கணக்கு வென்றுவிடும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீண்டகாலம் நிலைத்தவை பலவற்றில் உரிமைமுறையே மாறியிருக்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஃபின்ச்லியில் 1912இல் திறந்த தியேட்டர், இன்று ஃபீனிக்ஸ் என்ற பெயரில், 1985 முதல் ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. லாபம் தேவையில்லை, நட்டம் வராமல் இருந்தால் போதும் என்று ஆகும்போது நிலவிலை உயர்வு பழைய அரங்கை விற்கத் தூண்டுவதில்லை. 2024இல் லாஸ் ஏஞ்சலிஸின் வில்லேஜ் தியேட்டரை ஜேசன் ரைட்மன் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் சேர்ந்து வாங்கினார்கள். ஜப்பானில் 2020இல் சிறு அரங்குகள் தள்ளாடியபோது, ஹமாகுச்சி ரியூசுகே, ஃபுகாடா கோஜி ஆகிய இயக்குநர்கள் முன்னின்று பொதுமக்களிடம் 30 கோடி யென்னுக்கு மேல் திரட்டிப் பகிர்ந்தளித்தார்கள். ஐரோப்பாவில் 1992 முதல் இயங்கும் யூரோப்பா சினிமாஸ் வலையமைப்பு, ஐரோப்பியப் படங்களைக் கணிசமான அளவில் போடும் அரங்குகளுக்கு நிதி தருகிறது. இவர்களில் பெரும்பாலோர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: மல்டிபிளெக்ஸ் ஓட்டும் அதே படத்தை அதே நாளில் ஓட்டி ஜெயிக்க முயலவில்லை.

அந்த முயற்சியை விட்டால் வேறு என்ன ஓட்டுவது? காலையில் குழந்தைகளுக்கு ஒன்று, பகலில் முதியவர்களுக்கு ஒன்று, மாலையில் புதுப்படம், இரவில் பெரிய திரையில் மறுபடி பார்க்க ஆசைப்படும் பழைய படம். ஒரு திரையை நேரத்தால் நான்காக்குவதுதான் இது, சுவர் எதுவும் தேவையில்லை. இதற்குத் தடையாக நிற்பது எல்லாக் காட்சியும் ஒரே படம் என்ற அந்த நிபந்தனை. ஒற்றைத் திரைக்கு மட்டும் அதைத் தளர்த்தினால் விநியோகஸ்தருக்குப் பெரிய இழப்பு வராது. காலைக்காட்சியில் 40 பேரோடு ஓடும் அவருடைய படத்தால் அவருக்கும் லாபமில்லைதானே. உரிமையாளர் சங்கங்கள் வரிச்சலுகை கேட்டுப் போராடும் வேகத்தில் பாதியை இந்த ஒரு நிபந்தனைமேல் காட்டினால், கிடைக்கும் பலன் அதிகமாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தள்ளிப்போட நேரமும் அதிகமில்லை. முதல் அலையில், 2010 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் வாங்கிய டிஜிட்டல் புரொஜெக்டர்கள் இப்போது ஆயுளின் முடிவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிறது, லேசர் ஒளிமூலத்துக்கு மாறச் சொல்கிறார்கள். லேசருக்கு மின்சாரமும் குறைவு, விளக்கு மாற்றும் செலவும் இல்லை. ஆனால் முதலீடு பெரியது. முந்தைய மாற்றத்தின்போது குறைந்தபட்சம் விநியோகஸ்தர்கள் ஒரு பங்கு கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன, புதிதாக அப்படி ஒன்றைப் போட அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை, மிச்சப்படுத்தப் பிரிண்டே இல்லையே. இந்த முறை முழுத்தொகையும் தியேட்டரின் சொந்தக் கல்லாவிலிருந்துதான் வர வேண்டும், மூன்றாவது வாரத்தின் அந்த 29 டிக்கெட்டுகளிலிருந்து.